மனநல மாத்திரை சாப்பிடுபவரின் இதயத்தை யார் பார்ப்பது?



இந்த மாதப் பாடம் கொஞ்சம் நீளமானது. ஒரே கூட்டத்தில் முடிக்க வேண்டாம், இரண்டு கூட்டங்களாகப் பிரித்து வாசித்துக்கொள்ளுங்கள். ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் இடையில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.

மனநோய் பற்றி நம் குழுக்களில் பேச ஆரம்பித்த காலத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே வேலைதான். "காத்துக் கருப்பு அண்டிருச்சு", "யாரோ செய்வினை வச்சுட்டாக" என்று மந்திரிக்க அலைகிற குடும்பத்தை ஆஸ்பத்திரிக்கு வரவைப்பது. அதற்கே பல கூட்டங்கள் ஆகின. நேர்த்திக்கடனுக்கு இருக்கன்குடி போங்கள், ஏர்வாடி தர்காவுக்குப் போங்கள், யாரும் தடுக்கவில்லை. மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லி வந்தோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனது நம் பக்கத்து மாவட்டத்தில் நடந்தது. தீ விபத்து என்றால் என்னவென்று சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஓடித் தப்பிக்கக்கூட வழியில்லாமல் கட்டிப்போட்டிருந்தார்கள் என்பதைக் கேட்டு அன்றைக்கு இந்தப் பக்கமே உறைந்துபோனது.

இன்றைக்கு நிலைமை அந்த அளவுக்கு இல்லை. பல வீடுகளில் மாத்திரை ஒழுங்காக நடக்கிறது. தெளிந்து, வேலைக்குப் போய், குழுவில் சேமிப்புக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் அடுத்த விஷயத்துக்கு வருகிறோம். மாத்திரை சாப்பிட்டுத் தெளிந்து வருகிறவரின் இதயத்தைப் பற்றியது இந்தப் பாடம். சினிமாப் பாட்டில் மனசும் இதயமும் ஒன்றுதான். நாம் இங்கே பேசப்போவது இடது மார்புக்குள் இரத்தத்தை இறைத்துக்கொண்டிருக்கிற அந்தச் சதைப் பம்பைப் பற்றி.

"உடம்பு தேறிருச்சு"

ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் சந்தோஷமாகச் சொன்னார்: "எந்தம்பி முன்ன ஒட்டடக்குச்சி மாதிரி இருப்பான். மாத்திர ஆரம்பிச்சு ஆறு மாசத்துல சட்டையெல்லாம் பத்தல. நல்லா தேறிட்டான்." கேட்ட எல்லோருக்கும் சந்தோஷம். நம் ஊரில் உடம்பு வைத்தால் அது நல்ல சேதி. கல்யாணமான பெண் உடம்பு வைத்தால் மாமியார் வீட்டில் நல்ல சாப்பாடு என்று அர்த்தம். நோயாளி உடம்பு வைத்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தம்.

மனச்சிதைவு நோய் உள்ளவர் பேச்சு தெளிந்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுவது நிச்சயமாக முன்னேற்றம்தான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் ஆறு மாதத்தில் பத்து கிலோ கூடியிருந்தால், அதில் பெரும்பங்கு வயிற்றுப் பக்கம் சேர்ந்த கொழுப்பு. பின்னாலேயே பிரஷர், சுகர், இரத்தக்குழாய் அடைப்பு எல்லாம் வரிசையாக வரும். சந்தோஷப்படுகிற அதே நேரத்தில் ஒரு டேப்பையும் கையில் எடுக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "தற்கொலையா இருக்கும்" என்று நினைப்பீர்கள். அதுவும் உண்டு. ஆனால் பெரும்பாலான சாவுகள் உடம்பு நோயால் வருகிறவை. அதில் முன்னால் நிற்பது இதய நோய். தடுக்கக்கூடிய சாவுகள் இவை.

மாத்திரையா, நோயா?

இந்தக் கேள்வி வந்தே தீரும். வரட்டும், தைரியமாகப் பதில் சொல்லலாம்.

டாக்டர் சாரதா மேனனை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தலைமைப் பொறுப்பு வகித்தவர். 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பித்தவர். 2021இல் 98 வயதில் காலமானார். அந்த நிறுவனத்தின் டாக்டர் பத்மாவதியும் ஸ்காட்லாந்து நாட்டு டாக்டர் மெக்ரீடியும் சேர்ந்து ஒரு ஆய்வு செய்தார்கள். பல வருடமாக மனச்சிதைவு இருந்தும் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாதவர்களைத் தேடிப் பார்த்தார்கள். அப்படிப்பட்டவர்களிடம் உடல் பருமனும், பிரஷர், சுகர், கொழுப்பு சேர்ந்து வரும் கோளாறும் குறைவாகவே இருந்ததை 2010இல் வெளியிட்டார்கள். ராஞ்சியில் உள்ள மத்திய மனநல நிறுவனத்தில் நடந்த இன்னொரு ஆய்வில், முதன்முதலாக மாத்திரை ஆரம்பித்தவர்களை ஆறு வாரம் கவனித்தார்கள். அந்த ஆறே வாரத்தில் எடையும் இடுப்பளவும் ஏறத் தொடங்கிவிட்டன.

ஆக, மாத்திரைக்குப் பங்கு உண்டு. மறைக்க வேண்டியதில்லை.

இங்கேயே வாசிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அடுத்த சேதியையும் கேளுங்கள். பின்லாந்து நாட்டில் மனச்சிதைவு நோயுள்ள 62,250 பேரின் மருத்துவப் பதிவுகளை 20 ஆண்டு அளவுக்குத் தொடர்ந்து பார்த்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை எடுக்காத காலத்துக்குக் கணக்கிட்டால் 100க்கு 46 பேர் இறந்திருப்பார்கள். ஏதாவது ஒரு மனநோய் மாத்திரை எடுத்த காலத்துக்கு 100க்கு 26 பேர். குளோசபின் எடுத்த காலத்துக்கு 100க்கு 16 பேர். இத்தனைக்கும் எடையை அதிகம் கூட்டுகிற மாத்திரைகளில் முதல் வரிசையில் இருப்பது இந்தக் குளோசபின்தான்.

எப்படி என்று கேட்பீர்கள். தெளிவாக இருப்பவர் நேரத்துக்குச் சாப்பிடுகிறார், பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறார், நெஞ்சு வலித்தால் வலிக்கிறது என்று சொல்கிறார், உயிரை மாய்த்துக்கொள்வதும் குறைகிறது. மாத்திரை இல்லாமல் மெலிந்த உடம்போடு தெருவில் அலைகிறவருக்கு இது எதுவும் இல்லை. மாத்திரை இதயத்துக்குச் சுமை ஏற்றுகிறது, மாத்திரை ஆளையும் காப்பாற்றுகிறது, இரண்டும் உண்மை. சுமையைக் குறைக்க வழி இருக்கும்போது மாத்திரையை நிறுத்துவது, வண்டியில் பாரம் அதிகம் என்று மாட்டை அவிழ்த்து விடுகிற கதை.

எல்லா மாத்திரையும் ஒரே மாதிரி இல்லை. ஓலன்சபின், குளோசபின் இரண்டும் எடையை அதிகம் கூட்டும். ரிஸ்பெரிடோன் நடுத்தரம். ஹாலோபெரிடால், அரிபிப்ரசோல் குறைவு. ஆனால் ஒருவருக்குக் கேட்கிற மருந்து இன்னொருவருக்குக் கேட்காது. எதை மாற்றுவது, எவ்வளவு குறைப்பது என்பது டாக்டர் முடிவு. "இந்த மாத்திர ஆரம்பிச்சதுல இருந்து ஏழு கிலோ கூடிருச்சு, வேற பாக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்பது நம் உரிமை.

வயிறு நிறைந்தது தெரியாது

இந்த மாத்திரைகள் மூளையில் வேலை செய்யும்போது பசியைக் கட்டுப்படுத்தும் இடத்தையும் தொடுகின்றன. சாப்பிட்டு முடித்த பிறகும் வயிறு நிறைந்த உணர்வு வருவதில்லை. "சட்டிச் சோத்த காலி பண்றான், திண்ணிப் பண்டாரம்" என்று வீட்டில் ஏசுகிறோம். அது அவருடைய பேராசை இல்லை, மருந்தின் வேலை. ஏசுவதை நிறுத்தினாலே பாதிச் சண்டை குறையும்.

அதோடு தூக்கம். பகலிலும் படுக்கை. நோயே ஆளை மூலையில் உட்கார வைக்கும். மாத்திரை அந்த மூலையில் பாயை விரித்துக் கொடுக்கிறது. கை நடுக்கத்துக்குத் தருகிற டிரைஹெக்ஸிபெனிடில் மாத்திரை வாயை வறட்டும். வாய் வறண்டால் நம் பிள்ளைகள் தண்ணீரா குடிக்கிறார்கள்? கடையில் சர்க்கரை தூக்கலாக நாலு டீ, கலர் பாட்டில் ரெண்டு. இது போக, எடை கூடாத ஆளுக்கும் ஓலன்சபின், குளோசபின் மாதிரி மாத்திரைகள் சுகரைக் கிளப்பிவிடலாம். "எம்புள்ள ஒல்லியாத்தான இருக்கான்" என்று பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

இரண்டு அறைகள்

எங்கள் களப்பணியில் அடிக்கடி பார்ப்பது இது. மனநலப் பிரிவில் டாக்டர் கேட்பார்: "தூக்கம் வருதா? காதுல குரல் கேக்குதா? சண்டை போடுறாரா?" பதில் நல்லதாக இருந்தால் பழைய மாத்திரையே தொடரும். கூட்டம் வெளியே வரிசை கட்டி நிற்கும்போது எடை பார்க்க அங்கே நேரம் இருக்காது. பிரஷரும் சுகரும் பார்க்கிற தொற்றா நோய்ப் பிரிவு வேறு அறையில் இருக்கும். அங்கே போனால் "இவரு மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுறவரு, அங்கயே காட்டுங்க" என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள நடைபாதையில்தான் நம் ஆளின் இதயம் நிற்கிறது.

வயதும் ஒரு இடைஞ்சல். பிரஷர், சுகர் பரிசோதனைத் திட்டங்கள் 30 வயது தாண்டியவர்களை நினைத்துத் தொடங்கப்பட்டவை. மனச்சிதைவு பெரும்பாலும் பதினெட்டிலிருந்து முப்பதுக்குள் ஆரம்பிக்கிறது. 22 வயதுப் பையனுக்குச் சுகர் பார்க்கணும் என்று யாருக்கும் தோன்றாது, நாம் கேட்டால் ஒழிய.

இதில் நம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு, பலருக்கும் தெரியாது. தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் 2007இல் இரத்த அழுத்தம், இதய நோய்த் தடுப்புக்கான முன்னோட்டத்தை ஆரம்பித்தது இரண்டே மாவட்டங்களில். ஒன்று சிவகங்கை, இன்னொன்று நம் விருதுநகர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காய்ச்சலுக்கு வந்தாலும் கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்க்கிற பழக்கம் அதில் தொடங்கியது. பிறகுதான் மாநிலம் முழுக்கப் போனது. 2021 ஆகஸ்ட் 5இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற அந்தத் தன்னார்வலர்கள் யார்? நம்மைப் போன்ற மகளிர் குழுக்களிலிருந்து போனவர்கள். மனநலப் பக்கத்திலும் வழி திறந்துதான் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் 1997இல் திருச்சியில் ஆரம்பித்தது. இன்றைக்கு நம் மாவட்டத்திலும் இருக்கிறது. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. முன்பு போல எல்லாவற்றுக்கும் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

2017ஆம் வருடத்து மனநல பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல்நோய்க்காரருக்குக் கிடைக்கிற அதே மரியாதையும் சிகிச்சையும் மனநோய் உள்ளவருக்கும் கிடைக்க வேண்டும் என்று சொல்கிறது. அறையிலிருந்து திருப்பி அனுப்பினால் இந்தச் சட்டத்தைச் சண்டைக்காகச் சொல்ல வேண்டாம். பொறுமையாக, "அம்மா, இவருக்குப் பிரஷரும் சுகரும் பாக்கணும், மனநல டாக்டர்கிட்ட காட்டணும்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் பார்த்துவிடுவார்கள்.

டேப்பும் நோட்டும்

தையல் டேப் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மாத்திரை ஆரம்பிக்கும் நாளிலேயே எடை, இடுப்பளவு, பிரஷர், வெறும் வயிற்றுச் சுகர், இரத்தக் கொழுப்பு இவற்றை எழுதி வையுங்கள். ஏற்கெனவே பல வருடம் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம். பிறகு எடையை 4, 8, 12 வாரத்தில் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பிரஷர், சுகர், கொழுப்பை 12 வாரத்தில் ஒருமுறையும் பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவதும் பார்க்க வேண்டும். பிரஷரை அடிக்கடி பார்த்தாலும் தப்பில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு கிடையாது.

இடுப்பளவு எடுக்கப் பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் டேப் வைக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், இறுக்காமல் சுற்றுங்கள். நம் இந்திய உடம்புக்குப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை. அங்குலத்தில் சொன்னால் பெண்ணுக்குச் சுமார் முப்பத்தொன்றரை, ஆணுக்குச் சுமார் முப்பத்தைந்தரை. அதைத் தாண்டினால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய சேதி.

எடைக்கு ஒரு கணக்கு. வட்டிக் கணக்கு போடுகிற நமக்கு இது சுலபம். ஆரம்ப எடையில் நூற்றுக்கு ஐந்து கூடினால் எச்சரிக்கை. 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. 50 கிலோ ஆளுக்கு இரண்டரைக் கிலோ. அந்த அளவு வந்ததும் அடுத்த மாத்திரை வாங்கப் போகும்போது நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டர் மேசையில் விரித்து வையுங்கள். வாயால் "குண்டாயிட்டான்" என்று சொல்வதற்கும் தேதி போட்ட எண்ணைக் காட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று வங்கி மேலாளர் முன்னால் நோட்டை நீட்டிப் பழகிய நமக்குத் தெரியும்.

பிரஷர் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் மறுபடி மறுபடி வந்தால் அது உயர் இரத்த அழுத்தம். வெறும் வயிற்றுச் சுகர் 100இலிருந்து 125 வரை இருந்தால் எல்லைக்கோட்டில் நிற்கிறார். 126உம் அதற்கு மேலும் என்றால் சுகர் வந்துவிட்டது என்று பொருள், இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். சுகரே இல்லாத ஆளுக்கு டாக்டர் மெட்ஃபார்மின் எழுதிக் கொடுப்பதும் உண்டு. மனநல மாத்திரையால் எடை ஏறாமல் தடுக்க அது உதவுகிறது. "சுகர் இல்லாதவனுக்கு எதுக்குச் சுகர் மாத்திர?" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டேப்பை எடுத்த கையோடு பார்த்துக்கொள்கிற அம்மாவும் அக்காவும் மதினியும் தங்கள் அளவையும் எடுங்கள். வீட்டில் ஒருவரை மட்டும் நிற்க வைத்து அளந்தால் அவருக்கு அவமானமாக இருக்கும். எல்லோரும் அளந்தால் அது வீட்டுப் பழக்கம். மேலும் மனநோயாளியைப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் பிரஷர் பல வீடுகளில் நோயாளியைவிட அதிகமாக இருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

குழுவில் பேசும்போது ஒரு கட்டுப்பாடு. யார் வீட்டில் யார் இந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைத் தீர்மான நோட்டில் பெயர் போட்டு எழுதாதீர்கள். பெண் கேட்டு வருகிற வீட்டார் வரைக்கும் சேதி போய்விடும். நோட்டு அந்த வீட்டிலேயே இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் காசு இல்லாதவருக்குப் பொது நிதியிலிருந்து "மருத்துவச் செலவு" என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

நம் ஊர்ச் சாப்பாடு

தீபாவளிக்கு முந்தின மாதங்களில் நம் நிலைமை தெரிந்ததுதான். விடியும் முன்னே பட்டாசு ஆபீஸ் வேன் வந்து நிற்கும். சோறு வடித்து வைத்துவிட்டு ஓடுகிறோம். வீட்டில் மூலையில் இருப்பவர் அந்தச் சோற்றைப் பத்து மணிக்கே முடித்துவிடுவார். சாயங்காலம் களைத்து வரும்போது அடுப்பு மூட்டத் தெம்பில்லை, புரோட்டா பார்சல். விருதுநகர் எண்ணெய் புரோட்டாவுக்கும் சாத்தூர் சேவுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் நாங்கள் எதிரி இல்லை. ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுக்கவும் மாட்டோம். ஆனால் வயிறு நிறைவது தெரியாத ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் கால் கிலோ சேவுப் பொட்டலம் இருந்தால் அது மிஞ்சாது.

"சாப்பிடாதே" என்று சொல்வது உதவாது. கைக்கெட்டுகிற பொருளை மாற்றுவதுதான் வழி. சோற்றைச் சட்டியோடு வைக்காமல் ஒரு வேளைக்கு ஒரு தூக்குவாளி என்று பிரித்து வைத்துவிட்டுப் போங்கள். சோறு ஒரு பங்கு, காய் ஒரு பங்கு. அவரைக்காய், கொத்தவரை, சுரை, கீரை, நம் சந்தையில் விலை குறைந்தது எதுவோ அது. கரிசல் காட்டுக் கம்பும் குதிரைவாலியும் ரேஷன் அரிசிச் சோற்றைவிட மெல்லத்தான் செரிக்கும், பசி தாங்கும். ஆனால் அதையும் அளவில்லாமல் சாப்பிட்டால் எடை ஏறும். தாகத்துக்கு ஒரு குடம் தண்ணீரும், கடைந்து நீர் விட்ட மோரும். கலர் பாட்டிலை வீட்டுக்குள் வாங்கி வைக்காதீர்கள். டீக்கடையில் "சீனி கம்மி" என்று நாமே சொல்லி வைக்கலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்த உப்பு ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், கருவாடு, அப்பளம், சேவு எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும்.

நடைக்குக் கண்மாய்க் கரை இருக்கிறது. நம் வெயிலை நினைவில் வையுங்கள்: இந்த மாத்திரைகள் உடம்பு சூட்டைத் தணிக்கும் சக்தியைக் குறைக்கும். காலையில் வெயிலுக்கு முன், சாயங்காலம் வெயில் தாழ. தனியாக அனுப்பினால் போகமாட்டார், கூடப் போனால் வருவார். ஆரம்பத்தில் பத்து நிமிடம் போதும். தண்ணிக் குடம் எடுப்பது, ரேஷன் கடைக்குப் போவது, ஆட்டைப் பத்துவது எல்லாமே நடைதான். வேலை கொடுங்கள், மூலையை விட்டு எழுப்புங்கள். ஆனால் பகலில் தூக்கம் சொக்குகிற ஆளைப் பட்டாசு ஆபீஸில் மருந்து வேலைக்கு அனுப்பாதீர்கள். மாத்திரை முழுவதையும் ராத்திரிக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்டு, பகல் தெளிவான பிறகு பார்க்கலாம்.

பீடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மனச்சிதைவு உள்ள ஆண்கள் பலர் கட்டுக் கட்டாகக் குடிக்கிறார்கள். இதயக் குழாயைக் கெடுப்பதில் பீடிதான் பெரிய குற்றவாளி, மாத்திரை அதற்குப் பின்னால்தான். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பீடிப் புகை ஈரலைத் தூண்டிவிட்டு ஓலன்சபின், குளோசபின் மாத்திரைகளைச் சீக்கிரம் கரைய வைக்கிறது. அதற்கேற்ப டாக்டர் அளவைக் கூட்டிக் கொடுத்திருப்பார். பீடியைத் திடீரென்று நிறுத்தினால் அதே அளவு மாத்திரை உடம்பில் தங்கிவிடும். தலைசுற்றல், அளவுக்கு மீறிய தூக்கம், எச்சில் ஒழுகுதல் வரலாம். அதனால் பீடியை விட வேண்டாம் என்று அர்த்தமில்லை. விடப்போகிறேன் என்று முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும், அவ்வளவுதான்.

நெஞ்சு வலி என்றால்

சாத்தூர் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது. நாற்பது வயதைத் தாண்டிய மனிதர், பல வருடமாக மனநோய்க்கு மாத்திரை. ஒருநாள் "நெஞ்ச அமுக்குது, யாரோ உள்ள உக்காந்துருக்கான்" என்று சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் பழைய நோய் திரும்பிவிட்டது என்ற பயம். மறுநாள் மனநல டாக்டரிடம் காட்டலாம் என்று படுக்க வைத்தார்கள். விடியவில்லை அவருக்கு. அந்த வீட்டுப் பெண்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எத்தனையோ வருடம் "உள்ள யாரோ பேசுறான்" என்று கேட்டுப் பழகிய காதுகள் அவை.

மனநோய் உள்ளவருக்கு வலி சில நேரம் மந்தமாகத் தெரியும், அல்லது அவர் வேறு பாஷையில் சொல்வார். சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல்கூட வரலாம். திடீர் வியர்வை, மூச்சு வாங்கல், தாடை அல்லது இடது கை கனத்தல், வாந்தி, காரணமில்லாத அசதி, என்ன சொன்னாலும் முகம் வெளிறிப்போவது, இதில் எது வந்தாலும் முதலில் இதயம் என்று நினையுங்கள். வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்து உட்கார்ந்திருக்காதீர்கள். 108க்கு அழையுங்கள். 2023இல் ஆரம்பித்த இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே முதல் டோஸ் மாத்திரை கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். போகும்போது மனநல மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள், மறைக்காதீர்கள்.

இன்னொன்று. சில மனநோய் மாத்திரைகள் இதயத் துடிப்பின் தாளத்தை மாற்றலாம். மயங்கி விழுந்தாலோ, படபடப்பு வந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீர் சாவு இருந்தாலோ ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சளிக் காய்ச்சலுக்கு மெடிக்கல் கடையில் தாமாக மாத்திரை வாங்காதீர்கள். எரித்ரோமைசின், அசித்ரோமைசின் போன்றவை சில மனநோய் மாத்திரைகளோடு சேர்ந்தால் தாளம் தவறலாம். குளோசபின் ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்தில் காய்ச்சல், படபடப்பு, மூச்சு வாங்கல், நெஞ்சு வலி வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், இதயத் தசை வீங்குவதாக இருக்கலாம். அந்த மாத்திரைக்கு ஆரம்பத்தில் வாராவாரம் இரத்தப் பரிசோதனை சொல்வார்கள், அதையும் தவறவிடாதீர்கள்.

மாத்திரை பற்றியோ நோய் பற்றியோ சந்தேகம் வந்தால் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது. 104உம் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு

நம் ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் யார்? அவரை அடுத்த கூட்டத்துக்கு அழைக்க யார் போவது?

மனநல மாத்திரை வாங்கப் போகிற நாளும் பிரஷர், சுகர் பார்க்கிற நாளும் நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே நாளா, வேறு வேறு நாளா? வேறு நாள் என்றால் ஒரே நாளில் பார்த்துத் தரச் சொல்லி ஊராட்சிக் கூட்டமைப்பின் பெயரில் மருத்துவ அலுவலருக்கு மனு எழுதலாமா?

இன்று வந்திருக்கிற எல்லா உறுப்பினர்களும் இடுப்பளவு எடுங்கள். டேப் இல்லாத குழுவினர் கூட்டமைப்பு அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.